சம்பந்தி வேட்டியில் சேறு

— வேட்டியில மட்டும் இல்லப்பா. அவுங்க அப்பா மூக்குக்கண்ணாடியிலயும் தெறிச்சிருக்கு. அருண்குமார் போன்ல சொன்னாரு.

— சிந்து, ஒரே ஒரு மம்பட்டிச் சேறுதாம்மா. நான் சாக்கடையில குனிஞ்சு அள்ளி மேல வீசுறேன், கரெக்டா உன் மாமனாரு நகைப் பட்டறையத் தொறக்க வந்து நிக்கிறாரு. குறி வச்சு அடிச்சிருந்தாக்கூட அப்படி விழுந்திருக்காது.

— இன்னும் மாமனார் ஆவல.

— அதான் எனக்கும் பயம். இன்னா சொன்னாராம்?

— "யாரோ சேறு அள்ளுறவன், கண்ணு பொட்டை"ன்னாராம்.

— அவ்ளோதானா? தங்கமான மனுசன். நானா இருந்தா ஜாஸ்தியா திட்டியிருப்பேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்கல்ல, கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டுடுறேன். "சார், அந்தக் கண்ணு பொட்டை நான்தான்"னு.

— வேணாம்ப்பா.

— வெள்ளச் சட்டைய இஸ்திரிக்குக் குடுத்திருக்கேன். நகக்கண்ணு கறுப்பு மட்டும்தான் எந்த சோப்புக்கும் போவல. ஹெட்மாஸ்டர் மாதிரி கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னுக்கறேன்.

— நீ அன்னிக்கு லால்பேட்டைக்குப் போயிடேன். அத்தை வரச்சொல்லிட்டே இருக்கு.

— பொண்ணு பாக்குற அன்னிக்கா? அப்ப அவுங்ககிட்ட யாரு பேசுவா?

— கதிர்வேல் சித்தப்பா பேசிக்குவாரு.

— அவனா? கல்யாணப் பேச்சுல பஸ் டைம் கேக்குறவன் அவன்.

— அவரு போஸ்ட் ஆபீஸ்ல இருக்காருப்பா.

— நான் தங்கத்துல இருக்கேன்.

— அப்பா…

— பொய்யா சொல்றேன்? பட்டறையில நகைய அரத்தால ராவுறப்ப கொட்டுற பொடி, கழுவுற தண்ணியோட சாக்கடைக்குத்தான் வருது. நான் அலசி எடுக்குறேன். இந்தா, இதப் பாரு.

— என்னது இது?

— தாலிக்குக் கோக்குற குண்டு. அவுங்க பட்டறை வாசல்லயே அரிச்சுச் சேத்த பொடிய உருக்கி அடிச்சது. அவுங்க தங்கம் அவுங்க வீட்டுக்கே போவுது. நடுவுல நான் கொஞ்சம் நனைஞ்சேன், அவ்ளோதான்.

— எப்பலேர்ந்துப்பா சேத்த?

— நீ காலேஜ் போவ ஆரம்பிச்சதுலேர்ந்து. புடி.

— இப்ப நீயே வச்சிரு.

— ஏன், நாறுதா? நெருப்புல போட்டு எடுத்தது பாப்பா, நாறாது.

— அதெல்லாம் இல்லப்பா.

— வேட்டியில சேறு பட்டதால சம்பந்தம் முறிஞ்சிடும்னு பயப்படுறியா? அருண்குமாரோட அம்மா நல்லவங்க. நேத்து போன்ல உங்கம்மாகிட்ட, "ஒண்டி ஆளா நின்னு எப்படித்தான் வளத்தீங்களோ"ன்னு அழுதாங்க. நான் பக்கத்துலதான் ஒக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருந்தேன். நாம என்னிக்கு வீட்டுல தங்குனோம், சரியாத்தான் சொல்றாங்கன்னு நானும் தலையாட்டுனேன்.

— அம்மா என்ன சொன்னாங்க?

— எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துனா.

— ஞாயித்துக்கிழமை மட்டும் அத்தை வீட்டுக்குப் போயிட்டு வாயேன்ப்பா.

— சிந்து, இங்க பாரு. சுத்தி வளைக்காத. நான் இன்னா வேலை செய்றேன்னு சொல்லி வச்சிருக்க? வாச்மேனா? கவர்மெண்டா? சொன்னாத்தானே அதுக்குத் தக்கன நடிப்பேன்?

— வேலை எதுவும் சொல்லல.

— அப்ப என்னைப் பத்தி இன்னாதான் சொன்ன?

— நீ செத்துட்டன்னு சொல்லியிருக்கேன்ப்பா.