சத்தம் கேட்டால்தான் சாப்பாடு

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாதான் எங்க மாமனாரு சோறு துன்னுவாருக்கா," என்றாள் இளையவள்.

"ஏண்டி?" என்றாள் மற்றவள்.

"எங்க வீட்டுக்காரரு இங்க அரக்கோணம் நேவி பயிற்சி ஸ்குவாட்ரன்லதான் ஹெலிகாப்டர் ஓட்டக் கத்துக்கினாரு. எங்க கழனி மேல பறக்கும்போது மாமா கையாட்டுவாரு. வீட்டுக்காரரு ஹெலிகாப்டரோட கடல்ல வுழுந்து செத்தப்புறமும், சத்தம் வந்தா புள்ள வந்துட்டான்னு தட்டு முன்னாடி உக்காருவாரு."

"எத்தினி வருசமா பைலட்டுங்களுக்குக் கத்துக் குடுத்த ஸ்குவாட்ரன். இப்ப அத வேற ஊருக்கு மாத்திட்டாங்களே?"

"ஆங். அதான் செல்லுல அந்தச் சத்தத்த ஏத்தி வச்சி, வேளாவேளைக்கு வீட்டுக்குப் பின்பக்கம் போட்டுகினு இருந்தேன்."

"துன்னாரா?"



"துன்னாரு. நேத்து என்னைக் கூப்ட்டு, 'அத நிறுத்தும்மா, அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியும்'னாரு. 'அப்ப எதுக்கு மாமா இத்தினி நாளா துன்னீங்க?'ன்னு கேட்டேன். 'நான் துன்னாதான நீ துன்ற'ன்னாரு. அப்பறம் ரெண்டு பேருமே துன்னலக்கா."