நடுவில் எழும்பாத றோஸ்மலர் அக்கா

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! தமிழில் ஒரு சொல்லும் விளங்காமலே ஒரு மணித்தியாலமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கும் எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத் தலைவர் மார்ட்டின் அவர்களே! மனைவியை இழந்த துயரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிறிஸ்துராஜா அண்ணை அவர்களே! லண்டனின் வெம்பிளி, சவுத்தால், பார்க்கிங் பகுதிகளில் இருந்து, சனிக்கிழமை ஷிப்டையும் மாற்றிக்கொண்டு வந்து இந்தப் பங்கு மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே! கழகச் செயலாளர் சுபாஸ்கரனின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியது.

முப்பத்தொரு நாளைக்கு முன்னர் எங்களை விட்டுப் போனவர் யார்? ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடம் மில்லிகிராம் பிசகாமல் மருந்து நிறுத்துக் கொடுத்த றோஸ்மலர்! இலக்குச் சுடுதலில் மூன்று முறை எங்கள் கழகத்தின் சம்பியனான றோஸ்மலர்! கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி றோஸ்மலர்! ஐந்தடி உயரமும் இல்லாத அந்த மனுசி சுடுதளத்து வாசலில் வந்து நின்றால், ஆறடி வெள்ளைக்காரர்களும் சத்தம் போடாமல் காதுக் கவசத்தை எடுத்து மாட்டுவார்கள். மார்ட்டின் உட்பட! பாருங்கள், அவர் இதற்கும் தலையாட்டுகிறார்.

எங்கள் சனம் அவரைப் பேசாத பேச்சா? "வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், நீ இஞ்ச வந்து அதையே விளையாட்டெண்டு பழகுறியோ?" என்று இந்த மண்டபத்தின் வாசலிலேயே ஒருவர் கேட்டார். யார் என்று சொல்லமாட்டேன், இங்கேதான் இருக்கிறார். அக்கா கோபப்படவில்லை. "அந்தச் சத்தம் மற்றாக்களின்ர கையில இருந்தது. இது என்ர கையில இருக்கு. நான் நிப்பாட்டினா நிக்கும்" என்றார்.

அவர் தனக்கு வேண்டிய துப்பாக்கி ரவைகளைத் தன் வீட்டிலேயே தயாரித்தார். லைசன்ஸ் உள்ளவர்கள் பலர் இந்த நாட்டில் அப்படிச் செய்கிறார்கள். சுட்டபின் விழும் வெற்றுக் கோதைச் சுத்தம் செய்து, புதிய வெடிமருந்து போட்டு, முனையில் சன்னம் என்கிற ஈயக் குண்டைப் பொருத்தி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பிரஸ் வேண்டும். இடியப்ப உரலின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை இழுத்தால் இரும்பு அழுத்தும், அவ்வளவுதான். அக்காவிடம் இருந்தது ஒரு இழுவைக்கு ஒரே ஒரு வேலை செய்கிற பழைய வார்ப்பிரும்புப் பிரஸ். அதில் ஐம்பது ரவை முடிக்க ஒரு சனிக்கிழமைக் காலை முழுதும் போய்விடும்.

அந்தக் காலையில் வீட்டு வாசலில் ஒரு அட்டை தொங்கும். "மேசையில் இருக்கிறேன். கோபிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் கதவு திறக்கும்." எங்கள் ஆட்கள் கோபிக்காமல் இருப்பார்களா? வீடு தேடி வந்தவரை வாசலில் நிறுத்துவதா! ஞானஸ்நானத்துக்குச் சொல்ல பார்க்கிங்கிலிருந்து வந்த அவருடைய சொந்த மச்சாள், மழைக்குள் நின்றுவிட்டு, திரும்பிப் போய் இரண்டு வருடம் பேசவில்லை. அக்கா வேண்டுமென்று அவமதித்தாரா? இல்லை. கையில் இருப்பதை முடித்து, மருந்துப் போத்தலை மூடி, தராசைத் துடைத்தபின்தான் அவர் கதிரையை விட்டு எழும்புவார். இடையில் எழும்பினால் எந்தக் கோதில் மருந்து இருக்கிறது, எதில் இல்லை என்பது குழம்பிவிடும் என்பார். எழும்பத்தான் வேண்டிவந்தால், தட்டில் இருந்தது முழுவதையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குவார்.

நான் சிரித்தேன். ஓம், இந்தச் சுபாஸ்கரன்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன்! என்னிடம் இருந்தது சுழல்தட்டு வைத்த புது மெஷின். தட்டைக் கையால் திருப்பித் திருப்பி இழுக்க இழுக்க ரவை பொலுபொலுவென்று விழும். ஒரு மணித்தியாலத்தில் இருநூறு. "அக்கா, நீங்கள் இன்னும் மாட்டுவண்டியில போறியள்" என்று பகிடி பண்ணுவேன். "போய்ச் சேருறன்தானே தம்பி" என்பார்.

ஆறு வருடத்துக்கு முன்னர், மாகாணப் போட்டிக்கு முதல் நாள், நானும் என் மகள் தக்ஷிகாவும் சுடுவதற்காக இருநூறு ரவை செய்துகொண்டிருந்தேன். தக்ஷிகாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுக்கு அது முதல் போட்டி. பாதியில் மணி அடித்தது. சவுத்தாலில் இருந்து கல்யாணசுந்தரம் மாமா, மகனின் கலியாணக் கார்டோடு. மாமா, உங்களில் ஒரு பிழையும் இல்லை, தலையைக் குனியவேண்டாம்! வெற்றிலைத் தட்டோடு வந்த மனிதரை வாசலில் நிறுத்த எனக்கு என்ன விசரா? எழும்பினேன். தேத்தண்ணி கொடுத்தேன், பலகாரம் கொடுத்தேன், மாப்பிள்ளையின் வேலை, பெண்ணின் ஊர் எல்லாம் விசாரித்தேன். முக்கால் மணித்தியாலம். பிறகு வந்து அதே கதிரையில் குந்தி, விட்ட இடத்தில் இருந்து இழுக்கத் தொடங்கினேன். தட்டைத் திருப்பிவிட்டா எழும்பினேன், திருப்பாமலா எழும்பினேன் என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த நாள் காலை அக்காவையும் ஏற்றிக்கொண்டு காரில் போகும்போது வாய் சும்மா இருக்கிறதா? "நேற்று மாமா கார்ட் தர வந்தவர் அக்கா, எண்டாலும் இருநூறையும் முடிச்சிட்டன்" என்று பெருமை அடித்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நடுவில எழும்பினனீரோ?"

"சீ, இல்லை அக்கா. அவர் வர முதலே முடிச்சிட்டன்."

பொய். பின்சீற்றில் மகள் இருக்க, நாற்பத்தெட்டு வயது மனிதன் சொன்ன பொய்.

அக்கா சுடுதளத்தில் இறங்கியதும் என் ரவைப் பெட்டியைத் தன் கையில் எடுத்தார். "இது என்னட்ட இருக்கட்டும், நீர் இண்டைக்குச் சுடவேண்டாம். பிள்ளை என்ர ரவையைச் சுடட்டும், அதே அளவுதானே" என்றார். அவரிடம் இருந்ததோ ஒரு ஆளுக்குப் போதுமான ரவை. அப்படியென்றால் அவர்? தோள் நோகிறது என்று சொல்லிப் போட்டியில் இருந்து பெயரை எடுத்துவிட்டார். எந்தப் போட்டியில்? ஒரு வருடம் முழுக்க, ஆஸ்பத்திரி வேலையும் பார்த்துக்கொண்டு, அவர் பயிற்சி எடுத்த போட்டியில்! என் மகள் இரண்டாம் இடம் வந்தாள். அக்காதான் முதலில் கை தட்டினார். நானோ, மனுசிக்கு வயது போய்விட்டது, பொறாமையில் என் ரவையைக் குறை சொல்லுகிறா என்று மனைவியிடம் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் வந்து நின்றார். "உந்த மெஷினை வித்துப்போடும். வாரும், ஒண்டு பாத்து வாங்குவம்." மறுக்க முடியுமா அவரிடம்? கடையில் ஒரு மணித்தியாலம் என்னை நிற்கவைத்தார். முன்பக்கம் திறந்த பிரஸ்ஸைத் தள்ளிவைத்தார், பாரமாக இழுத்தால் வளையுமாம். நாலு பக்கமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். தண்டை மேலே ஏற்றி, இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார், கொஞ்சமும் ஆடக்கூடாதாம். கைப்பிடியை இருபது தரம் இழுத்தார். கடைக்காரப் பொடியன் பளபளவென்று இன்னொன்றைக் காட்டி, இது வேகமானது என்றான். "எங்களுக்கு வேகமானது வேண்டாம்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்ன தொனியில் அவன் அதை உடனே திருப்பி வைத்துவிட்டான். கடைசியில் யாரோ பாவித்து விற்ற ஒன்றைத்தான் தெரிந்தெடுத்தார். "இதில ஒவ்வொரு கோதையும் ஒவ்வொரு தரமும் கையில எடுத்துப் பாக்காமல் ஏலாது. அதுதான் இதின்ர குணம்" என்றார். அவருடைய கரைச்சல் தாங்காமல் வாங்கினேன். ஆறு வருடமாக அதில்தான் செய்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது தக்ஷிகாவுக்கே தெரியாது.

அக்கா போய் ஒரு கிழமையில் பொலிஸ் வந்து றைபிளையும் ரவைகளையும் முறைப்படி எடுத்துக்கொண்டு போனார்கள். எண்ணிப் பார்த்தபோது அவருடைய கொப்பியில் எழுதியிருந்ததற்கு ஒன்று கூடவில்லை, குறையவில்லை. பிறகு மேசையில் இருந்து பிரஸ்ஸைக் கழற்ற கிறிஸ்துராஜா அண்ணை என்னைக் கூப்பிட்டார். கழற்றும்போது மேசையின் இழுப்பு லாச்சிக்குள் ஒரு சின்ன மருந்துப் போத்தல் கிடந்தது. உள்ளே ஒரு வெற்றுக் கோதும் ஒரு சன்னமும். வெளியே மருந்தகத்து லேபிள், அக்காவின் கையெழுத்து, அந்தப் போட்டியின் திகதி. "சுபா. இருநூறில் நூற்றிப்பன்னிரண்டாவது. மருந்து இரண்டு மடங்கு."

என் இருநூறையும் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்! அன்று நான் தட்டைத் திருப்பாமல் எழும்பியதால் ஒரே கோதில் இரண்டு தரம் மருந்து விழுந்திருக்கிறது. அந்த ஒன்று வெடித்திருந்தால் றைபிள் சட்டமே பிளந்திருக்கும். சட்டத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்திருந்திருக்கக்கூடியவள் யார்? என் பிள்ளை!

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அண்ணையைக் கேட்டேன். "நானும் கேட்டனான் தம்பி. 'அவன்ர மெஷினை மாத்தியாச்சு. இனி இதைச் சொன்னா ஒரு தகப்பன் எப்பிடி நித்திரை கொள்ளுறது' எண்டு சொன்னவ" என்றார்.

கேட்டீர்களா அவையோரே? பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பட்டியைத் தோளில் மாட்டிவிட்டால் போதுமா? மில்லிகிராம் நிறுக்கத் தெரிந்த அந்தக் கைகளுக்கு, ஒரு மனிதனுக்கு எவ்வளவு சொல்லலாம் என்று நிறுக்கவும் தெரிந்திருந்ததே! அவருடைய பெயரைச் சொல்லவும் தகுதி இல்லாதவன் நான். அதனால்தான் என் பிழையை இன்று சொல்கிறேன்.

கிறிஸ்துராஜா அண்ணை அந்தப் பிரஸ்ஸைக் கழகத்துக்குத் தந்திருக்கிறார். எங்களிடம் புதிதாகப் பழக வருபவர் யாராக இருந்தாலும், முதல் ஒரு வருடம் அந்த மேசையில், அந்த ஒற்றை இழுவையில்தான் பழகுவார் என்று கழகத்தின் பெயரால் உறுதி சொல்கிறேன். அக்காவின் வாசல் அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கிறோம், ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போகும். என் வாசலில் ஏற்கெனவே தொங்குகிறது. கலியாணக் கார்டோடு வருபவர்களே, மழை என்றால் குடையோடு வாருங்கள். பத்து நிமிடம் நிற்கத்தான் வேண்டும். தேத்தண்ணி பிறகு கட்டாயம் உண்டு.

பின்வரிசையில் இருக்கும் தக்ஷிகா, அப்பாவை மன்னித்துக்கொள் அம்மா.

றோஸ்மலர் அக்கா! காரில் நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆறு வருடம் பிந்தி, இத்தனை பேருக்கு முன்னால் பதில் சொல்கிறேன்.

ஓம் அக்கா. எழும்பினனான்.