விளக்கில் இருந்த பித்தளை நட்டு

"கண்ணைப் பிடுங்கித்தான் மூக்கை அடைக்கணுமாடா?" என்று டிரைவர் கத்தியதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

யுத்த காலம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ் விக்கிரவாண்டியில் நின்றிருந்தது. அடியில் புகைக்குழாயைப் பிடித்திருந்த நட்டுகள் விழுந்துவிட்டதால், பின் சீட்டில் ஒரே புகை. மடியில் என் குழந்தை இருமியது. இறங்கி நிற்கலாமா, இறங்கினால் இடம் போய்விடுமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

"பெட்டியில இரும்பு நட்டு இருக்கே?" என்றார் டிரைவர்.

"சூட்டுல இறுகிக்கும்ண்ணே. போன தபா உளி வெச்சி வெட்டினோமே! இன்னொரு தபா வெட்டினா போல்ட்டே போயிடும். பித்தளைதான் லேசா கழலும். கடையில ஏது பித்தளை? வண்டி முன்விளக்குல இருக்கற நட்டைக் கழட்டிடலாம்" என்றார் கண்டக்டர்.

"மொதலாளி என் தோலை உரிப்பாரு. கம்பியைச் சுத்து, போதும்."

"கம்பி சுத்தினா புகை நிக்காது. பின்னாடி கொழந்தை இருமிக்கினு கீது. அண்ணி முன் சீட்டுல காத்தாட குந்திக்கினு இருக்காங்க. உங்களுக்கு இன்னா பேஜாரு?"

முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த டிரைவரின் மனைவி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், அங்க ஏன் போறே? புகைடீ!"

"கம்பியே போதும்னீங்களே. ஜல்தி சுத்திட்டு வாங்க, போலாம்."

டிரைவர் கண்டக்டரின் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு விளக்கைக் கழற்றப் போனார்.