தென்னந்தோட்டக் குளத்தில் படகு

எழுபதுகளில் ஒருநாள் காலை, யாழ்ப்பாணத்திலிருந்து பளைக்குப் போகும் பஸ். நடைவழி நெடுக இரண்டு புதுத் துடுப்புகள் கிடந்ததால் நாங்கள் எல்லோரும் காலை மடக்கிக்கொண்டு இருந்தோம். துடுப்புகளைக் கொண்டுவந்த இருவரும் எனக்கு முன் சீட்டில். ஒருவர் பளையில் தென்னந்தோட்டம் வாங்கிய முதலாளி, மற்றவர் குருநகர்க் கடற்றொழிலாளி.

"இடுப்பளவு தண்ணிதான், சூசை. ஆர் விழுந்தாலும் எழும்பி நடந்து கரைக்கு வரலாம்," என்றார் முதலாளி.

"கடலிலை அப்பிடி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை, முதலாளி."

"வெள்ளைக்காரன் வெட்டிப்போட்டு விட்டிட்டுப் போன குளம். ஆகாயத்தாமரை எல்லாம் அள்ளியாச்சு. கண்டி ரோட்டாலை போற கார் முழுக்க இனி படகுச் சவாரிக்கு எங்கடை தோட்டத்துப் படலை வாசலிலைதான் நிக்கும்."

"நானும் வள்ளத்தை வித்துப்போட்டெல்லோ வாறன். சனம் வருமோ?"

"நீ படகை ஓட்டு. சனம் வரும்."

சூசை துடுப்பைக் காலால் சற்று ஒதுக்கினார்.

"நான் கடலுக்குப் போகேக்கை எல்லாம் மனிசி அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறவள். குளத்துக்கும் கொளுத்த வேணுமோ எண்டு இண்டைக்குக் கேட்டவள்."

முதலாளி பஸ் அதிரச் சிரித்தார்.

"என்ன சொன்னனீ?"

"எனக்குப் பாதித் திரி போதும், சனம் வரவெண்டு ஒரு முழுத் திரி கொளுத்து எண்டனான்."