நடுக்கூடத்துப் பெட்டி

வைஃபை வாங்குவதற்கு முன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நிறையப் பேர் அதைச் செய்வதில்லை. விளம்பரத்தை நம்பி வாங்கிவிட்டு, பிறகு பால்கனியில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் நடந்து பார்த்தேன், இன்ஸ்பெக்டர் மேடம். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுடையது பழைய வீடு; சுவர்கள் தடிமன். வாசல் அறை ரூட்டர் கூடத்தைத் தாண்டாது. பின்னறையில் செல்போன் சிக்னலும் கிடையாது. பக்கவாதம் வந்தபிறகு என் மனைவி கோமளா அந்த அறையில்தான் படுத்திருந்தாள். கைகால்களில் இடது கை மட்டும் அசையும். சளி அடைத்தால் மூச்சுத் திணறும்; யாராவது வந்து கருவி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பார்த்துக்கொள்கிற பெண் மத்தியானமே போய்விடுவாள். மாடியில் இருக்கும் அய்யாதுரையிடம் ஒரு சாவி கொடுத்திருந்தோம். தி.நகர்த் துணிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். கோமளா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் ஓடி வருவார்.

ஆகவே மெஷ் வைஃபை. வாசலில் ஒரு பெட்டி, கூடத்தில் ஒன்று, அவள் அறையில் ஒன்று. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கும் கபாலி நேர்மையான ஆள்.

"ஒயர் இஸ்துக்கோ சார். இது ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வாங்கிக்கினு போவுது. நடுவுல கீறது ஆஃப் ஆச்சுனா பின்னாடி ரூம் காலி" என்றார்.

நிச்சயமாகவா என்று கேட்டேன். படம் போட்டு விளக்கினார். சுவரைக் குடைய மனசில்லை என்று சொல்லி, அதையே வாங்கிக்கொண்டேன்.

பிரமாதமாக வேலை செய்தது. அதுதான் தொந்தரவு. கண் விழித்ததிலிருந்து கோமளாவுக்கு மெல்பர்னில் இருக்கும் எங்கள் மகள் மதுவந்தியோடு பேச்சு. நான் கஞ்சி ஊட்டும்போதும் போன் தலையணையில் சாய்ந்திருக்கும். துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றுகிறவன் நான். சிரிப்பெல்லாம் அந்தத் திரைக்கு. எனக்கு வயிறு எரிந்தது.

"அப்பா, நான் தை மாசம் வந்து அம்மாவை இங்க அழைச்சுண்டு போயிடறேன். நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டே" என்றாள் மதுவந்தி. கோமளா தலையை ஆட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே கிளம்பும்போது எல்லா ஸ்விட்சையும் அணைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கோமளா ஏற்படுத்தியது. குளியலறை விளக்கு எரிந்தால்கூட, தெருமுனை வரை போனவனைத் திரும்ப வரவழைப்பாள். மார்கழிக் கச்சேரிக்கு மயிலாப்பூர் கிளம்பிய அன்று, அவள் அறை விளக்கையும் ஃபேனையும் விட்டுவிட்டு, கூடத்து ஸ்விட்சுகளை அணைத்தேன். எல்லாவற்றையும்.

அதனால்தான், ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனேன் என்று நான் சொன்னதும், எல்லோரும் கைப்பழக்கம், பாவம் என்கிறார்கள். அய்யாதுரை என் தோளைத் தொட்டு, "வயசாயிட்டுல்லா சார், மறந்திருப்பீய" என்றார். உங்கள் ஏட்டும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மேடம், மறதி என்று எழுதாதீர்கள். எனக்கு மறதி கிடையாது. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

கச்சேரியை முழுக்கக் கேட்டேன். கேன்டீனில் சாப்பிட்டேன். ரவா தோசை நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது கோமளாவுக்கு உயிர் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கட்டைவிரலால் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "நெட் வரலை... மதுவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

உறிஞ்சும் கருவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் நான் செய்கிற வேலைதான். எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். அவள் மறுபடியும் மது என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் மூச்சு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூடத்துக்குப் போய் ஸ்விட்சைப் போட்டேன்.

அதற்கு நடுவில், அவளுக்கு மூச்சு இருக்கும்போதே, போனை வாங்க முயன்றேன். அவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, அங்கே என் கையை வைத்து, அந்த விரல்களை அதன்மேல் மடக்கினேன்.

மதுவந்தி நாளைக்கு வந்து இறங்குகிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்: அம்மா கடைசிவரை அப்பாவின் கையை விடவே இல்லை.