கீழ்ப் பாகம் வாசித்தவள்

இந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது சார். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பியானோ வாசிப்பவர்களுக்கு எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் உயரம்தான் உறுத்தும். முழங்கை மேசைக்குச் சமமாக வராவிட்டால் எனக்குப் பேச்சே ஓடாது. பரவாயில்லை, இருக்கட்டும். போலீஸ் ஸ்டேஷன் டீ என்றாலும் நன்றாக இருக்கிறது.

என் தங்கை நேற்று வந்து பேசிவிட்டுப் போனாள் என்றீர்கள். ஒத்திகையில் அவளாகவே அவசரப்பட்டுக் கையை வைத்துவிட்டாள், தளர்ந்திருந்த பியானோ மூடிப் பலகை தானாக விழுந்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று சொன்னாளாம். நானும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அந்த ஒரு வார்த்தையை இங்கே வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

நானும் வாண்டுவும் ஒரே பியானோவில் வாசிப்பவர்கள். வாண்டு என்பது வீட்டுப் பெயர். இப்போது என்னைவிட உயரம், ஆனாலும் வாண்டுதான். ஒரே பெஞ்சு, நான்கு கை. வலது பக்கம் உட்காருகிறவருக்கு மேல் பாகம். மெட்டு, குழைவு, அழகு எல்லாம் அங்கே. இடது பக்கம் உட்காருகிறவருக்குக் கீழ்ப் பாகம். மெட்டு நடந்து போக அடியில் தரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் அவளுக்குக் கால் எட்டாது என்பதால் அவளை மேல் பக்கம் உட்கார வைத்தார்கள். எனக்குக் கால் எட்டியது, அதனால் பெடல் என் பொறுப்பு. அவள் வளர்ந்து கால் தரையைத் தொட்ட பிறகும் யாருக்கும் அந்த ஏற்பாட்டை மாற்றத் தோன்றவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

அப்பா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு யார் வந்தாலும் எங்கள் பேச்சுதான். "பெரியவ அஸ்திவாரம், சின்னவ மாடி"ன்னு சொல்லிச் சிரிப்பார். என்னைப் பாராட்டுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் மாடியைத்தான் பார்ப்பார்கள், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து ஆகா என்று சொன்னவர்கள் யாரும் இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

பெடல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். காலால் மிதிப்பது. மிதித்தால் விரல் எடுத்த பிறகும் ஒலி நிற்கும், ஒன்றோடு ஒன்று இழையும். கொஞ்சம் கூடினால் சேறு, கொஞ்சம் குறைந்தால் சுள்ளி முறிகிற மாதிரி இருக்கும். நான்கு கை வாசிப்பில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கீழ்ப் பாகக்காரிதான் மிதிக்க வேண்டும். அதாவது வாண்டு தட்டுகிற ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது அடங்கும் என்பதை என் வலது கால் முடிவு செய்யும். எங்கள் டீச்சர் சொல்வார், "வாண்டு விரல்ல தேன் இருக்குடி." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தத் தேன் என் செருப்புக்குள் இருந்தது.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். வகுப்பு முழுக்கக் காலைத் தரையில் வைத்துக்கொண்டு வாசித்தேன். டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். எழுந்து வந்து வாண்டுவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, "உடம்பு சரியில்லையா கண்ணு? போய்ப் படு, போ" என்றார். அவளுக்கு வெந்நீர் கூடக் கொடுத்தார். என் காலை ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உண்மையாகவே.

இந்தப் பருவத்துக் கச்சேரிகளுக்கு வருகிறேன். சங்கீத சபையின் சின்ன மண்டபத்தில் வாராவாரம் இளம் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். வயலின்காரப் பிள்ளைகள் நால்வர், செல்லோவும் பியானோவுமாக ஒரு ஜோடி, கடைசி வாரம் நாங்கள். மண்டப வாசலில் எங்கள் படத்தை ஒட்டியிருந்தார்கள். படம் எடுக்கும்போது இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருந்தோம். ஒட்டியபோது இடம் போதவில்லையாம். வாண்டுவின் முகம் முழுசாக இருந்தது. என்னுடையதில் தோள் மட்டும் இருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "நல்ல சட்டைடி அது, இஸ்திரி நல்லா விழுந்திருக்கு" என்றார் அம்மா.

பிறகு ஒரு நாள் சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். வெளியூர் இசைக் கல்லூரியிலிருந்து ஒரு பெரியவர் கேட்க வரப்போகிறார், ஒருவரைத் தேர்ந்தெடுத்து முழுச் செலவையும் அவர்களே ஏற்றுப் படிக்க வைப்பார்கள், அதனால் இரண்டாம் பாதியில் வாண்டு மட்டும் தனியாக வாசிக்கட்டும் என்றார். நான் அங்கேயேதான் தட்டு ஏந்தி நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார். "அக்காவும் மேடையிலேயே இருப்பாங்க. பக்கம் திருப்பறதுக்கு" என்றார்.

"அப்புறம் என்ன, ரெண்டு பேரும் மேடையிலதானே இருக்கீங்க" என்றார் அம்மா.

பொறாமையா என்று கேட்டீர்களே, ஆமாம். வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. அவள் தலை வாருவதைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை சார். ஆனால் அதற்காக ஒருவரும் ஒருவரை எதுவும் செய்துவிட மாட்டார்கள். அக்கா தங்கை இருக்கிற வீட்டில் இதெல்லாம் சோறு குழம்பு மாதிரிதான்.

வாண்டு அன்றைக்கு என் அறைக்கு வந்தாள். கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியமே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக் குடு. எனக்குப் பெடல் போடத் தெரியாதே." அவள் கேட்டதில் கள்ளம் இல்லை. அவளுக்குக் கள்ளமே கிடையாது, அதுதான் அவளிடம் பெரிய தொல்லை. மறுநாள் மதியம் சொல்லிக்கொடுத்தேன். காது எங்கே கேட்க வேண்டும், குதிகால் எங்கே ஊன்ற வேண்டும், பாதி மிதிப்பது எப்படி, நடுங்காமல் விடுவது எப்படி என்று எல்லாம் சொன்னேன். எனக்கு அது வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவள் அந்த ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டாள். கடைசியாக ஒரு தடவை வாசித்தாள். அறை முழுக்கத் தேன் ஒழுகியது, என் கால் நாற்காலிக்கு அடியில் சும்மா இருந்தது. அவள் என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "இவ்வளவுதானாக்கா?" என்றாள்.

இவ்வளவுதான் என்று சொன்னேன்.

அடுத்த நாள் மண்டபத்தில் ஒத்திகை. சுருதி சேர்ப்பவர் வேலையை முடித்துப் பையை மூடிக்கொண்டிருந்தார். கட்டைகளின் மேல் மூடுகிற பலகையை ஏற்றி இறக்கிக் காட்டி, "பாத்து வாசிங்கம்மா. கீல் தளந்து போச்சு, பலகை நிக்க மாட்டேங்குது. பழைய மரம், பாறாங்கல்லு கனம். நாளைக்குக் காலைல வந்து மாத்திடறேன்" என்றார். என்னிடம்தான் சொன்னார். வாண்டு வாசலில் அந்த வயலின்காரப் பிள்ளைகளோடு அரட்டையில் இருந்தாள். அவர் எச்சரிக்கவில்லை என்று செயலாளர் உங்களிடம் புகார் கொடுத்தாரே, அது தப்பு. தெளிவாகச் சொன்னார். மரத்தின் கனம் உட்படச் சொன்னார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பலகை விழுந்தது. வாண்டுவின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நொறுங்கின. சுண்டு விரல் நரம்பு போயிற்று. விழுந்த வேகத்தில் அவள் விரல் பட்ட கட்டைகள் எல்லாம் ஒன்றாக அலறின. என் கால் பெடலில் இருந்தது, பழக்கதோஷம். அதனால் அந்தச் சத்தம் ரொம்ப நேரம் நின்றது. அது தானாகத் தேய்ந்து அடங்கிய பிறகு காலை எடுத்தேன். நடுவில் எடுத்தால் அசிங்கமாக அறுந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவர். ஸ்பூன் பிடிக்கலாம், பொத்தான் போடலாம், கையெழுத்துப் போடலாம் என்றார். பியானோ பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா கடையை மூடிவிட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சேடி" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, என்னை நம்பலாம்.

சபை கச்சேரியைத் தள்ளிவைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வாசிக்கிறேன். புதுச் சுவரொட்டி பார்த்திருப்பீர்கள், என் முகம் முழுசாக இருக்கிறது. அதன் கீழே, காயமடைந்த தங்கைக்காக என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். அந்த ஒரு வரியால்தான் தீர்ந்தது என்று செயலாளரே என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

பக்கம் திருப்பப் போவது வாண்டு. இடது கைதான் நன்றாக இருக்கிறதே என்று அவளே கேட்டு வந்து உட்கார்ந்தாள். நேற்றுக் காலை வீட்டில் வாசித்துப் பார்த்தோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் ரொம்ப மெதுவாக, என் மனசு நோகக் கூடாதே என்று, "அழகா இருக்குக்கா. பெடல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஜாஸ்திதான்.

அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். வந்து, அக்கா மூச்சே இழுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த மூச்சை உங்களுக்கு விளக்க வேண்டும். நான்கு கைகளும் ஒரே நொடியில் கட்டையில் இறங்க வேண்டுமே, எண்ணிக்கொண்டு தொடங்க முடியாது, சபை சிரிக்கும். அதனால் ஒருவர் மூக்கால் மூச்சை இழுப்பார். மற்றவர் அதைக் கேட்டுக் கையை எடுத்து வைப்பார். மூச்சின் நீளத்திலேயே வேகம் தெரியும், சத்தத்தின் அளவும் தெரியும். எங்களில் மூச்சு இழுப்பது எப்போதும் நான். வாண்டு தொடங்கும் முன் கண்ணை மூடிக்கொள்வாள், சின்ன வயதுப் பழக்கம். எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டாள். அவளுக்கு என் மூச்சு போதும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கை முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. அந்த மண்டபத்தில் என்னிடமிருந்து அவள் வாங்கிக்கொள்ளாத ஒன்று இருந்தது என்றால் அதுதான். அது இல்லாமல் அவளால் தொடங்க முடியாது.

இப்போது நீங்கள் என்னை என்ன சொல்லச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். நான் மூச்சே இழுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேனாம். அவள் இல்லாத ஒன்றைக் கேட்டுக் கை வைத்தாளாம். அவளுக்குத் தெரியும் சார். அந்தக் காதுக்கு எல்லாம் தெரியும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, என்னிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஊரெல்லாம் அதையும் கேட்டு, என்ன தங்கமான பெண் என்று அவளைத்தான் சொல்லும்.

பொறாமையால் இதைச் சொல்லவில்லை. வெளியே அந்த மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். "முதல்ல இருந்து வாசிக்கலாம் வாண்டு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் இடது கையைப் பலகையின் விளிம்பில் வைத்தேன். மூச்சை இழுத்தேன். மெதுவான பாட்டு, அதற்கேற்ற நீளமான மூச்சு. அந்தப் பாட்டில் அவளுக்கு வலது கைதான் முதலில். அது வந்து இறங்கியது, எப்போதும் போல மிகச் சரியாக. அப்போது பலகையைத் தள்ளினேன். விழுந்த பிறகு இரண்டு கையாலும் அதன்மேல் சாய்ந்து அழுத்தினேன்.

மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அது நல்ல மூச்சு சார், நான் கொடுத்ததிலேயே சுத்தமானது. அவள் அதைக் கேட்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.