கல்லில் மூன்றாவது பெயர்

ஓடுகிறேன். வலது கைக்குள் ஒரு சிறுமியின் கை. இடது கையால் தேயிலைச் செடியை விலக்குகிறேன். கண் முழுக்கப் புகை. காலில் செருப்பு இல்லை. பின்னால் தகரக் கூரைமேல் கல் விழுகிறது. டங். டங். அப்புறம் எண்ண முடியவில்லை. அதற்கும் மேலே தப்புப் பறையின் சத்தம். எங்கள் தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் கூப்பிடத்தான் தப்பு அடிப்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலை கிடையாது. தப்பு மட்டும் நிற்காமல் அடிக்கிறது.

“வாரானுங்க! வாரானுங்க! கானுக்குள்ள எறங்குங்க!” யாரோ கத்துகிறார்கள்.

கான் என்றால் தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய பள்ளம். குதித்தோம். முட்டி பெயர்ந்தது. வலி தெரியவில்லை.

1977 ஆகஸ்ட். இலங்கையில் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டம். தேர்தல் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழர்களைத் தேடி அடிக்கிற கலவரக் கும்பல் முந்தின நாள் கீழ்த் தோட்டத்தை எரித்துவிட்டது என்று தகவல் வந்தது. கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, எல்லாம் ஒற்றை அறை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பயத்தில் இரண்டு குடும்பம் கடைசிக் காம்பராவில் சேர்ந்து படுத்தோம். நான் பார்வதி. என் வீட்டுக்காரர் முத்துசாமி. எங்கள் மகள் கலாவதி, ஒன்பது வயது. பக்கத்துக் காம்பரா ராக்காயி. புருஷன் இல்லாதவள். அவள் மகள் பாக்கியம். அவளுக்கும் ஒன்பதுதான். பிள்ளைகள் இரண்டும் ஒரே கம்பளிக்குள் கிடந்தார்கள்.

புகை வந்தபோது கம்பளிக்குள் கையை விட்டேன். ஒரு சின்னக் கை அகப்பட்டது. இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஓடு! மத்தவங்களோட நான் பின்னால வாறேன்!” என்று முத்துசாமி கத்தியது கேட்டது.

கானுக்குள் விழுந்த பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

பாக்கியம்.

அந்தக் கையை உதறினேன். ஆமாம், உதறினேன். மறைக்க மாட்டேன். எழுந்து மூன்றடி மேலே ஏறினேன். அப்போது கூரைச் சட்டம் முறிந்தது. ஒரே ஒரு சத்தம். தகரம் முழுக்க உள்ளே இறங்கியது. ராக்காயி வெளியே வரவில்லை. முத்துசாமி வரவில்லை. கலாவதி வரவில்லை. அந்தப் பிள்ளை திரும்பவும் வந்து என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது.

பதினோரு நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தோம். எங்கள் குடும்பத்துக்கு இந்தியா போகப் பத்திரம் முன்னாலேயே வந்திருந்தது; பயத்தில் அதை மடியிலேயே முடிந்து வைத்திருந்தேன். முத்துசாமி, பார்வதி, கலாவதி என்று மூன்று பெயர். ராக்காயிக்குப் பத்திரம் வரவில்லை. அவள் மகளை இந்த நாடும் தன் பிள்ளை என்று சொல்லவில்லை, அந்த நாடும் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போனால் அவளுக்கு யாருமில்லை.

ரயிலில் தலைமன்னார் போகும்போது அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். “உன் பேரு கலாவதி. அத்தைன்னு கூப்பிட்ட, நாக்க அறுத்துருவேன். அம்மான்னு கூப்பிடு.” ஒன்பது வயதுப் பிள்ளையிடம், அதுவும் தாய் செத்துப் பன்னிரண்டாம் நாள், இப்படிப் பேசியவள் நான்.

கப்பல்துறை. காலை ஒன்பது மணி. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. “முத்துசாமி” என்றார். “செத்துட்டாருங்க” என்றேன். பேனாவால் ஒரு கோடு. “கலாவதி” என்றார். பிள்ளையின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். “இருக்கேன்” என்றது. பேனாவால் ஒரு சரி.

என் மகளைக் கொன்றவர்கள் ஒரு தடவைதான் கொன்றார்கள். அவள் செத்தாள் என்பதையே இல்லாமல் ஆக்கியது நான். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே குமட்டுகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்திருப்பேனா என்று கேட்டால், வந்திருக்க மாட்டேன்.

மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதிலும் கலாவதி. அங்கிருந்து ஒரு காண்டிராக்டர் எங்களை லாரியில் ஏற்றிக் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவந்தான். கூக்காலுக்கு மேலே காடு. வாட்டில் மரத்தை வெட்டிப் பட்டை உரிக்க வேண்டும். தோல் பதனிடும் ஆலைக்குப் போகிற பட்டை. பிளாஸ்டிக் தாள் போட்ட குடிசை. விரல் விறைத்துப் போகிற குளிர். வந்த அன்றே எல்லோருடைய அட்டையையும் வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். “எங்கிட்ட பத்திரமாக் கெடக்கும்” என்றான். அட்டை இல்லாமல் எங்கே போவது? எங்கள் யாருக்கும் பெயர் கிடையாது. ஆம்பளைகளை “ஏலே சிலோனு” என்பான். பொம்பளைகளை “ஏ சிலோனு” என்பான். இரண்டு வருஷம்.

எண்பதில் ஒரு நாள் மத்தியானம் பெட்டி திறந்து கிடந்தது. என் அட்டையை எடுத்து மடியில் சொருகினேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெருமாள்மலைவரை நடந்தேன். காப்பித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ரிஜிஸ்தரில் கலாவதி. வீட்டில் தூக்கக் கலக்கத்தில் சில நாள் “அத்தை” என்பாள். முறைப்பேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது.

1983 ஜூலை. ரேடியோவில் கொழும்பு எரிகிற செய்தி. பெருமாள்மலையில் கடையடைப்பு. கம்பத்துக்குக் கம்பம் கறுப்புக் கொடி. மைக்கில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஜனங்கள் நிஜமாகவே அழுதார்கள். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் முதல் தடவையாக நெஞ்சு இளகியது. ஆனால் முந்தின வாரம்வரை “சிலோன்காரிங்க வந்து கூலியக் கெடுத்துட்டாளுக” என்று என் காதுபடவே பேசிய அதே வாய்கள்தான் “நம்ம ரத்தம்” என்றன. நாக்குக் கூசவில்லை.

மறு வருஷம் ஒரு நினைவுக் கல் நடுவதாகக் கமிட்டி போட்டார்கள். தலைவர் யார் என்கிறீர்கள்? அந்தக் காண்டிராக்டர்தான். இப்போது லாட்ஜ் முதலாளி. வெள்ளை வேட்டி. சட்டையில் கறுப்பு பேட்ஜ். ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“நல்லா இருக்கீங்களா பார்வதியம்மா?”

என் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் அது எனக்குத் தெரிந்தது.

“கல்லு தெறக்குறோம்மா. மந்திரி வர்றாரு. நேர்ல பாத்தவங்க நீங்கதான். முன் வரிசையில உக்காரணும்.”

“கல்லுல எங்க ஆளுக பேரு இருக்குமா?”

“அவங்க எந்த வருசம் போனாங்க?”

“எழுபத்தேழு.”

“அய்யய்யோ, இது எண்பத்துமூணுக்குங்க. ரெண்டையும் கலக்கக் கூடாது.”

மருந்துப் பாட்டிலில் தேதி பார்க்கிற மாதிரி செத்தவர்களுக்கு வருஷம் பார்க்கிறான். எழுபத்தேழில் எங்களுக்காக இந்த மலையில் ஒரு பெட்டிக்கடைகூடச் சாத்தவில்லை. தோட்டக் கூலி செத்ததெல்லாம் ஒரு செய்தியா?

“அப்ப நான் வரலை. உங்க மேடையில நீங்களே அழுதுக்கங்க” என்றேன்.

யோசித்தான். அவனுக்கு அழுவதற்கு ஒரு பொம்பளை வேண்டும். “சரிம்மா, கோவிச்சுக்காதீங்க. அடியில கொஞ்சம் எடம் கெடக்கு. நாளைக்கு வெள்ளனே வாங்க. கல்தச்சர்கிட்ட மூணு பேரு மட்டும் சொல்லுங்க.”

மூன்று. அளவெடுத்த மாதிரி மூன்று. ஏழு வருஷமாக என் மகள் பெயரை எங்கேயும் செத்தவள் என்று சொல்ல முடியாமல் தொண்டையில் வைத்திருந்தேன். ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் ஒரு கலாவதி உயிரோடு இருக்கிறாள். பதினாறு வயது. பத்தாவது பாஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். என் அட்டையை இரண்டு வருஷம் பூட்டி வைத்தவன் கமிட்டித் தலைவன். கலாவதி செத்துவிட்டாள் என்றால், அப்போ இவள் யார் என்று கேட்பான். கள்ளப் பெயரில் வந்தவள் என்ற ஒரு பிடி கிடைத்தால் போதும். மறுபடியும் எங்களைக் காலடியில் போட்டுக்கொள்வான்.

மறுநாள் காலை ஏழு மணி. பனி விலகவில்லை. நானும் வருகிறேன் என்று அவளும் கூட வந்தாள். கல் நிமிர்ந்து நிற்கிறது. மேலே பெரிய எழுத்தில் உபயம் என்று பதினான்கு பெயர். முதல் பெயர் அவனுடையது. அதற்குக் கீழே, மறையாத தியாகிகளுக்கு என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஒரு சாண் இடம். காண்டிராக்டர் குடையோடு பக்கத்தில் நிற்கிறான்.

“சொல்லுங்கம்மா, வெரசா. மழை வந்துரும்” என்றார் கல்தச்சர்.

“முத்துசாமி” என்றேன்.

உளிச் சத்தம். டிக். டிக். டிக். கல் துகள் தெறிக்கிறது.

“ராக்காயி” என்றேன்.

பெற்ற தாயின் பெயர் வெட்டப்படுவதை என் பக்கத்தில் நின்று பார்க்கிறாள் அந்தப் பிள்ளை. அழ முடியாது. காகிதத்தில் ராக்காயி அவளுக்கு யாரோ. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“மூணாவது?”

வாயைத் திறந்தேன். “என் ம...” என்றேன். காண்டிராக்டர் குடையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தான்.

“பாக்கியம்” என்று ஒரு குரல். அவள் குரல். “பாக்கியம்னு போடுங்கண்ணே. ராக்காயி மக.”

“யாரும்மா அது?” என்றான் காண்டிராக்டர்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. என்கூடத்தான் படுத்திருந்துச்சு” என்றாள் அவளே.

உளி மறுபடியும் இறங்கியது. நான் அவள் தோளைப் பிடித்தேன். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “விடுங்க அத்தை” என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல். எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு கதற வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவனுக்கு முன்னால் எதையும் செய்யக் கூடாது என்று நின்றேன்.

திறப்பு விழா அன்று மந்திரி இரண்டு மணி நேரம் தாமதம். வந்து மூன்று நிமிஷம் நின்றார். துணியை விலக்கினார்கள்; அவர் கல்லுக்கு ஒரு மாலை போட்டார். கைதட்டினார்கள். செத்தவர்கள் பெயரைப் பார்த்துக் கைதட்டுகிற கூட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். காண்டிராக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினான். “மறக்க மாட்டோம், மறக்க மாட்டோம்” என்று கோஷம். நான் அழவில்லை. போட்டோக்காரர் குனிந்து, “அம்மா, கொஞ்சம் அழுங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன்” என்றார். சீ! எழுந்து வந்துவிட்டேன்.

1985 ஜூலை. கல்லுக்கு முன்னால் பதினோரு பேர். 1986 ஜூலை. ஜீப்பில் ஒரு மாலை மட்டும் வந்தது. 1987 ஜூலை. யாரும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அங்கே இப்போது ஜீப் ஸ்டாண்டு. கல்மேல் டயர் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அடியில் இருக்கிற பெயர்கள்மேல் வெற்றிலை எச்சில். காய்ந்த எச்சில்மேல் புது எச்சில். மேலே இருக்கிற பதினான்கு உபயக்காரர் பெயருக்குத் தேர்தல் வருவதற்கு முன்னால் தங்க வர்ணம் அடித்தார்கள். அந்த டப்பாவில் மிச்சம் இருந்தது. நான் பார்த்தேன். மூன்று பெயருக்குத் தாராளமாகக் காணும். தரையில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

“டயர எடுங்க தம்பி” என்று ஒரு டிரைவரிடம் சொன்னேன்.

“எதுலருந்தும்மா? இந்தக் கல்லா? இது எல்லைக்கல்லு இல்லையா?”

காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஏற்கனவே அத்தனை பேர் துப்பியிருந்தார்கள். முந்தானையால் துடைத்துவிட்டு வந்தேன்.

இப்போது 1988. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கலாவதி சிஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இதை எல்லாம் எழுதிவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்கம்மா. வேலை போனா கேரட் புடுங்கப் போறேன்” என்றாள். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு எவனாவது அவள் பெயரில் கேள்வி கேட்டு வருவதாக இருந்தால், முதலில் என் வாசலுக்கு வரட்டும். அவர்கள் சாகச் சாகப் பார்த்தவள் நான். பதில் வைத்திருக்கிறேன்.

அன்று இழந்ததை எழுதி முடிக்கிறேன். லயம் ஒன்று. காம்பரா பன்னிரண்டு. எங்கள் வீட்டுக் கோழி ஏழு. கல்யாணத்துக்கு எடுத்த ஒரே போட்டோ. முத்துசாமி, முப்பத்தாறு வயது. ராக்காயி, வயது அவளுக்கே தெரியாது. கலாவதி, ஒன்பது வயது, என் வயிற்றில் பிறந்தவள்.

செத்தவர்கள் மூன்று பேர். கல்லிலும் மூன்று பேர். பாக்கியத்துக்கு மந்திரி மாலை போட்டார். கலாவதிக்கு இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருவரும் ஒரு பூ போட்டதில்லை. நானும் போட்டதில்லை.